நடுங்காத அம்பு

அமிர்தவள்ளிக்குக் கண் திறந்திருக்கும்போதே எங்கேயோ போய்விடுகிற பழக்கம் உண்டு. கை தன்பாட்டுக்கு ஓடும், மிஷின் ஊசி தன்பாட்டுக்கு ஏறி இறங்கும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டாள். எங்கே போய் வந்தாய் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. ஆம்பூரில், துத்திப்பட்டு ரோட்டோரம் இருந்த ஒரு தோல் பை கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்று இரண்டில், கல்யாணமான மறு வருஷம். ஏழு வருஷம் தையல் வரிசையில் உட்கார்ந்தாள். தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதத்தில் ஒரு நாளாவது இப்படிப் போய்விடுவாள்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் நாற்பது கைப்பைகளுக்குப் பிடியை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டாள். ஒவ்வொரு தையலும் கோடு போட்டாற்போல இருந்தது. பிடிகள் மட்டும் பைக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் அவளை முதலாளி அப்துல் கஃபாரிடம் கூட்டிக்கொண்டு போனார். கஃபார் ஒரு பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தைக்கறப்ப இன்னா நெனப்புலம்மா இருந்த?"

"தெரியல சார். மழை பெய்யற மாதிரி இருந்துச்சு."

வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கஃபார் பையைக் கீழே வைத்தார். பிறகு சூப்பர்வைசரிடம், "வாஹித் பாஷா ரூமுக்கு அனுப்புங்க. அங்க ஒரு நாளைக்கு ரெண்டு பை தச்சாப் போதும்" என்றார்.

வாஹித் பாஷாவின் அறை மாடியில் இருந்தது. புது மாடல் எது வந்தாலும் முதல் பையை அங்கேதான் செய்து பார்ப்பார்கள். அறைக்கு வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே கம்பெனி மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பாலாறு. பேர்தான் ஆறு, கண்ணுக்கெட்டிய தூரம் மணல், அங்கங்கே சீமைக்கருவேலம் பச்சையாகப் பற்றியிருக்கும். அந்த மணலைப் பார்த்தபடி தைத்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. யாரும் அவசரப்படுத்துவதும் இல்லை. எங்கேயாவது போய்விட்டுத் திரும்பி வந்தால், விட்ட இடத்தில் ஊசி அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

வாஹித் பாஷா நல்ல மனுஷர். தாடி நரைக்கத் தொடங்கியவர், வேலை செய்யும்போது ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது. பை வடிவம் நிற்கவில்லையா, "ஒரு மில்லி ஏத்து." வார் இழுபடுகிறதா, "ஒரு மில்லி ஏத்து." தோலின் கனத்தைக் கூட்டினால் உலகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

இரண்டாயிரத்து மூன்று ஐப்பசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு நீளமான பார்சல் வந்தது. கஃபாரே மாடிக்கு வந்து அதைப் பிரித்தார். உள்ளே ஒரு வரைபடம். தோலில் செய்ய வேண்டிய நீண்ட கூடு. இடுப்பில் தொங்கவிடுகிற மாதிரி வார். அடியில் ஸ்பாஞ்சு வைத்த மூடி.

"இது இன்னா சாப்?" என்றார் வாஹித் பாஷா.

"அம்பறாத்தூணி. ராமாயண நாடகத்துல முதுகுல மாட்டிக்கினு வருவாங்களே, அதான். அங்க இன்னும் வில்லு எடுத்துக்கினு காட்டுக்குப் போறாங்க. லைசென்ஸ் எடுத்து, சீசன் பாத்து, மானு அடிக்கறாங்க."

பார்சலுக்குள் தூணியைச் சோதித்துப் பார்க்க அம்புகளும் வந்திருந்தன. அம்பாக வரவில்லை, பாகம் பாகமாக வந்திருந்தன. இரண்டு டஜன் கறுப்புத் தண்டுகள். பின்பக்கம் இறகு ஒட்டியது, முன்பக்கம் வெறும் ஓட்டை. கார்பன் என்றார் கஃபார். அமிர்தவள்ளி ஒன்றைக் கையில் எடுத்தாள். எடுத்தது மாதிரியே இல்லை. காற்றைக் கறுப்பாகத் திரட்டி நீட்டி வைத்தது போல இருந்தது. இன்னொரு பொட்டலத்தில் சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு அலுமினியக் குழாய்கள், உள்ளே மரை வெட்டியது. அதைத் தண்டின் வாயில் ஒட்டினால், அதன்மேல் முனையைத் திருகி மாட்டலாம். முனைகள் தனிப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பிளேடு, ஒரு மொட்டு விரியப் போகிற மாதிரி. பெட்டிமேல் ஒரு மான் படம், கொம்பு இலையுதிர்ந்த மரம் போல.

வாங்குகிறவர்கள் வைத்த சோதனை இதுதான். தண்டுகளை இருபத்தெட்டு அங்குலத்துக்கு வெட்டி முனை பூட்ட வேண்டும். தூணியில் ஆறு அம்பைச் செருகி உருவ வேண்டும், இருநூறு தடவை. உள்தோல் கிழியக் கூடாது.

வாஹித் பாஷா அன்றைக்கே அம்புகளைப் பூட்டிவிட்டார். ஆக்ஸா பிளேடால் தண்டுகளை அறுத்தார். செருப்புக்கு ஒட்டுகிற சொல்யூஷனைக் குழாயில் தடவித் தண்டுக்குள் அழுத்தினார். முனையைக் கையாலேயே திருகினார். திருகும்போது கட்டைவிரலைக் கீறிக்கொண்டார். அமிர்தவள்ளி தூணியைத் தைத்தாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, செருகி உருவி, செருகி உருவி, எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபது வருவதற்குள் உள்தோல் கிழிந்து ஸ்பாஞ்சு வெளியே வந்தது.

"ஒரு மில்லி ஏத்து" என்றார் வாஹித் பாஷா.

ஏற்றினார்கள். எண்பதில் கிழிந்தது. மறுபடி ஏற்றினார்கள். நூற்றுப் பத்து. மூன்றாவது வாரம் தூணி எருமைக்கால் மாதிரி கனத்துப்போய் மேஜைமேல் கிடந்தது, அப்போதும் கிழிந்தது. கஃபார் வந்து பார்த்துவிட்டு, "இத இடுப்புல கட்டினா மனுஷன் ஒரு பக்கமா சாஞ்சிருவான்" என்றார். ஆர்டர் கைநழுவிப் போகிற நிலை. வாஹித் பாஷா முனகுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கீழே மிஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கின. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அமிர்தவள்ளி மட்டும் மாடியில் இருந்தாள். மேஜைமேல் ஒரு கண்ணாடித் தகடு; அதன்மேல் ஒரு அம்பை முனை கீழாக நிறுத்தி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைகிற மாதிரி சும்மா சுழற்றிவிட்டாள். ஜன்னல் வெளிச்சம் பிளேடுகளில் பட்டு சீலிங்கில் சிதறி ஓடியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வழக்கம்போலப் போய்விட்டாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஒவ்வொரு அம்பாக எடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள். போன இடத்தில் அவளுக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. சீலிங்கில் ஓடுகிற வெளிச்சம் ஓடாமல் உதறிக்கொண்டிருந்தது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். முனையும் தண்டும் சேருகிற இடத்தில் அம்பு நடுங்கியது. குளிர்க் காய்ச்சல்காரன் கை மாதிரி ஒரு நடுக்கம். அடுத்ததை எடுத்தாள், அதுவும் நடுங்கியது. ஆறாவதோ ஏழாவதோ எடுத்த ஒரு அம்பு மட்டும் நடுங்கவில்லை. சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல், உறங்குகிற பம்பரம் போல அசையாமல் நின்றது. அதைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ அடங்கியது. நடுங்காத அம்பை ஒருபக்கம், மற்றதை மறுபக்கம் என்று பிரித்தாள். பதினேழு நடுங்கின. ஏழு தூங்கின.

பிரிக்கும்போது விரலில் பிளேடு பட்டிருக்கிறது. அவளுக்குத் தெரியவேயில்லை. கண்ணாடிமேல் சிவப்பாக ஒரு சொட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சாயந்தரம் வீட்டுக்குப் போனாள். சான்றோர்குப்பத்தில் அவள் இருந்த வரிசை வீட்டில் பக்கத்துப் போர்ஷன் சாராவுடையது. சாரா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ரயிலில் போய் சாயந்தரம் திரும்புவாள். அமிர்தவள்ளியைவிட நாலைந்து வயது சின்னவள். விரலைப் பார்த்தவுடன் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எப்பக்கா வெட்டிக்கினீங்க?"

"தெரியல சாரா. வலிக்கவே இல்ல."

"நல்ல கூரான பிளேடு. நேரா எறங்கிருக்கு, அதான் வலிக்கல. ஊசியும் அப்படித்தான். நேரா போட்டா பேஷன்ட்டுக்குத் தெரியாது. கோணலா போச்சுன்னா உள்ள சதைய இழுத்துரும், ஊரையே கூட்டிருவாங்க."

கோணலா, என்று அமிர்தவள்ளி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். முனைகள் வந்த பெட்டிக்குள் கிடந்தது. பொடி எழுத்தில் இங்கிலீஷ்; கம்பெனியில் யாரும் அதைப் பிரித்ததே இல்லை.

"இதப் படிச்சு சொல்றியா?"

சாரா வாசல்படியில் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். கார்பன் தண்டை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, நார் நாராகப் பிரிந்துவிடும். வேகமாகச் சுற்றுகிற வீலில்தான் வெட்ட வேண்டும். வெட்டின வாய் மட்டமாக இருக்க வேண்டும். உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இளகிக் கிடக்கிற பசை உதவாது, இறுகிப் போகிற பசை வேண்டும். முனையைப் பெட்டியில் வருகிற திருகுசாவி போட்டுத்தான் திருக வேண்டும், கையால் திருகக் கூடாது. பூட்டினபின் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

"சுழற்றிப் பாக்கச் சொல்லியிருக்கா?" என்றாள் அமிர்தவள்ளி.

"ஆமாக்கா, இதோ. ஆட்டம் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"இன்னும் இன்னா போட்டிருக்கு?"

"ஒவ்வொரு தடவையும் தண்ட லேசா வளைச்சு, காதுகிட்ட வச்சுக் கேக்கணுமாம். வெடிப்பு இருந்தா சத்தம் கேக்குமாம்."

அந்தக் கடைசி விஷயம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. காதோடு வைத்துக் கேட்க வேண்டிய ஒரு பொருளை அவள் இதுவரை செய்ததில்லை.

மறுநாள் வாஹித் பாஷாவிடம், முனை கோணலாக ஆடுவதால்தான் உள்தோல் கிழிகிறது என்று சொன்னாள். அவர் நம்பவில்லை. "தோல்ல கோளாறு இருக்கு. நீ அம்பப் போய் குத்தம் சொல்ற." ஆனாலும் தடுக்கவில்லை. மீதி இருந்த எல்லா வழியும் அடைபட்டுத்தான் இருந்தது.

அவள் எல்லா முனையையும் கழற்றினாள். சொல்யூஷன் போட்ட குழாய்கள் இழுத்தவுடன் பல்லிவால் மாதிரி வந்துவிட்டன. இத்தனை நாளும் அவை உள்ளே நெகிழ்ந்து ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. மெயின்டனன்ஸ் ஷெட்டில் மெல்லிசான கட்டிங் வீல் இருந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தண்டை மெல்ல உருட்டிக்கொண்டே, பிய்ந்த வாயை ஒரு நூல் அளவு வெட்டினாள். கண்ணாடித் தகட்டில் உப்புத்தாளை விரித்து, மரக்கட்டையோடு தண்டைச் செங்குத்தாக ஒட்டிப் பிடித்து, வெட்டின வாயைத் தேய்த்தாள். மட்டம் பார்க்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வாயைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் மை தடவி, ஒரே ஒரு தேய்ப்பு. மை சுற்றிலும் போனால் மட்டம். ஒருபக்கம் மட்டும் போனால் இன்னும் மேடு இருக்கிறது. தடவித் தேய்த்து, தடவித் தேய்த்து, கடைசியில் மை முழுவட்டமாகப் போகும்போது, அவள் எங்கேயும் போகாமல் அங்கேயே இருந்தாள். அதை அவளே கவனித்தாள்.

உள்ளே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். இரண்டு டியூப்பைக் கலந்து ஒட்டுகிற பசையைக் குழாயில் தடவி, திருகித் திருகி உள்ளே இறக்கி, பிதுங்கினதைத் துடைத்தாள். குழாய் வழுக்கி இறங்காமலிருக்க, ஒட்டின பக்கம் கீழாக வரிசையாகச் சாய்த்துவைத்தாள். அடுத்த நாள் சாவி போட்டு முனைகளைத் திருகினாள். தண்டை வளைத்துக் காதில் வைத்தாள். சத்தம் இல்லை, சங்கில் கேட்பது போல ஒரு காலி ஓசை மட்டும் கேட்டது. பிறகு கண்ணாடிமேல் நிறுத்திச் சுழற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் தூங்கின. ஒன்று மட்டும் அடம் பிடித்து நடுங்கியது. அதற்கு வேறு முனை மாற்றிப் பார்த்தாள், அடங்கிவிட்டது. கோளாறு அந்த முனையிலேயே இருந்திருக்கிறது. அதை ஒதுக்கிவைத்தாள்.

முதன்முதலில் தைத்த மெல்லிசான தூணியையே மறுபடி தைத்தாள். செருகி உருவினாள். அறுபது, நூறு, நூற்றைம்பது. வாஹித் பாஷா வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். இருநூறு முடிந்ததும் அவரே மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஸ்பாஞ்சில் ஆறு இடத்தில் மும்மூன்று கீறல், அதே கோட்டில், அதே ஆழத்தில். தோலில் ஒரு கோடும் இல்லை.

அவர் ஒரு அம்பை எடுத்துக் கண்ணாடிமேல் நிறுத்திச் சுழற்றினார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்குது" என்றார்.

அன்றைக்குச் சாயந்தரம் அவரே கஃபாரிடம் போய், "தோல்ல தப்பில்ல சாப். நான் பூட்டினதுதான் தப்பு. அமிர்தா கண்டுபிடிச்சிருச்சு" என்று சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

தூணியோடு அந்த அம்புகளையும் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆர்டர் வந்தது. மறு வருஷம் இன்னொரு கடிதமும் வந்தது. ஆம்பூரில் அம்பு இவ்வளவு சுத்தமாகப் பூட்டுகிறார்கள் என்றால், தூணியோடு ஆறு அம்பும் சேர்த்து அங்கேயே பூட்டி அனுப்பட்டும் என்று. மாடியில் தனியாக ஒரு மேஜை போட்டார்கள். அமிர்தவள்ளியோடு மூன்று பெண்கள். அவர்கள் வெட்டி, தேய்த்து, ஒட்டுவார்கள். கடைசியில் சுழற்றிப் பார்ப்பதும் காதில் வைத்துக் கேட்பதும் அவள்தான். ஒரு நாளைக்கு நூறு அம்பு அவள் காதோரம் வந்து போகும். சில நாள் அந்தக் காலி ஓசைக்குள்ளே ஒரு காடு கேட்பது போல இருக்கும். பனி விழுந்த காடு. அந்த ஊர் வெண்பனியை அவள் பார்த்ததில்லை. ஏலகிரியில் மார்கழிக் காலையில் புல்மேல் வெள்ளையாகப் பார்த்ததுதான். அதைப் பெரிதாக்கி மரத்துக்கெல்லாம் பூசிக்கொள்வாள். மரங்களுக்கு நடுவில் அந்தப் பெட்டிமேல் இருந்த மான் நின்று, அவள் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்க்கும்.

அவள் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி குடியாத்தத்தில் தறி மெக்கானிக். அதிகம் பேசாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம், "மானு பாக்கணும்" என்றாள். ஏன் என்று கேட்காமல், மகள் வெண்ணிலாவையும் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் பக்கத்தில் இருக்கிற அமிர்தி காட்டுக்குப் போனார். அங்கே கம்பி வேலிக்குள் புள்ளிமான்கள் இருந்தன. ஒன்று வேலிக்குப் பக்கத்தில் வந்து, மூக்கு ஈரமாக, இவளைப் பார்த்தபடி எதையோ மென்றுகொண்டு நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அந்த இடத்துத் தோல் மட்டும் தனியாகச் சிலிர்த்து ஈயை உதறியது. அவ்வளவுதான். அமிர்தவள்ளி வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேஜையில் உட்கார்ந்தாள், கை போகவில்லை. மத்தியானம் வரைக்கும் சும்மாவே இருந்தாள்.

"ஒடம்பு சரியில்லையா?" என்றார் வாஹித் பாஷா.

"மானு பாத்துட்டு வந்தேன் பாய்."

அவருக்குப் புரிந்தது. "நீ கறி சாப்புடுவதான?"

"சாப்புடுவேன்."

"அப்புறம் இன்னா?"

"தெரியல."

அவர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். டீயைக் குடித்துக்கொண்டே அவளுக்குச் சாரா சொன்னது நினைவுக்கு வந்தது, கோணல் ஊசி உள்ளே சதையை இழுக்கும் என்று. நான் தொடாவிட்டாலும் யாரோ பூட்டத்தான் போகிறார்கள். அந்தப் பதினேழு நடுங்கின அம்புகளில் ஒன்று அந்தத் தோலுக்குள் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு முதல் அம்பை எடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சுழற்றிப் பார்த்தாள். அதனால் வேலை தாமதமாகிறது என்று கீழே பேச்சு வந்தது. வாஹித் பாஷா அந்தப் பேச்சை மாடிக்கு ஏறவிடவில்லை.

இரண்டாயிரத்து ஆறு மாசியில், தூணி வாங்குகிற கர்ட்டிஸ் நேரில் வந்தார். ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம், குரல் மட்டும் மெல்லிசு. வில் ஒன்றும் கொண்டுவந்திருந்தார், இரண்டு நுனியிலும் சக்கரம் வைத்தது. கம்பெனிக்குப் பின்னால், மதிலோரமாக, தோல் கழிவு மூட்டைகளை அடுக்கி அதில் எய்து காட்டினார். அமிர்தவள்ளி பூட்டின அம்புகளில் ஆறு எடுத்தார். ஆறும் ஒரு தட்டு அகலத்துக்குள் போய்ச் செருகி நின்றன.

அவள் கஃபாரிடம் மெதுவாக, "சார், ஒண்ணு கேக்கணும். மானுக்கு வலிக்குமான்னு கேளுங்க" என்றாள்.

கஃபார் இங்கிலீஷில் கேட்டார். கர்ட்டிஸ் அவளைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார். கஃபார் தமிழில் சொன்னார்: "வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டாராம். ஆனா நேரா போனா, சில சமயம் மானு நாலு அடி நடந்து, புல்லு மேயக் குனிஞ்சு, அப்படியே படுத்துருமாம். கோணலா போனா ரெண்டு நாள் ஓடுமாம். அப்படி ஒரு தடவ அவரு கையால ஆகியிருக்காம். அதனாலதான் உன் அம்பு அவருக்குப் புடிச்சிருக்காம்."

அமிர்தவள்ளி தலையை ஆட்டினாள். அவள் கேட்க விரும்பிய பதில் இதுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லாமல் சொன்னது பிடித்திருந்தது.

பிறகு கர்ட்டிஸ் வில்லின் விறைப்பைத் திருகித் தளர்த்தி, அவளையும் ஒரு அம்பு எய்யச் சொன்னார். வேண்டாம் என்றாள். எல்லோரும் சொல்லவே வாங்கிக்கொண்டாள். அவள் பூட்டின அம்பைத்தான் கொடுத்தார். இழுத்தாள். பாதிக்குமேல் வரவில்லை, பலம் சேர்ப்பதற்காக வில்லை மேலே தூக்கினாள், அந்த நொடியில் விரல் நழுவியது. அம்பு மதிலுக்கு மேலாக ஏறி, ஒரு கறுப்புக் கோடாக வானத்தில் நீந்தி, ஆற்றுப் பக்கம் போய்விட்டது. அது போனதை அவள் கனவில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு அழகாக இருந்தது. கர்ட்டிஸின் முகம் வெளிறிப்போன பிறகுதான், அதன் நுனியில் மூன்று பிளேடு இருப்பது அவளுக்கு உறைத்தது.

எல்லோரும் ஓடினார்கள். ஆற்றில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்பும் கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது, மொண்ணை முனை மாட்டிக் கொடுத்திருக்க வேண்டும் என்று கர்ட்டிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் அவர் சென்னைக்குக் கிளம்பிப் போனார். அமிர்தவள்ளியால் அப்படி விட முடியவில்லை. மணலில் பாதி புதைந்து, பிளேடு மேலே பார்த்தபடி அது கிடக்கும். ஆடு மிதிக்கும். விறகு பொறுக்குகிறவர்கள் கை வைப்பார்கள். நாலு நாள், விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பி, ஒரு குச்சியால் மணலைக் கிளறிக்கொண்டே நடந்தாள். முந்தின மழைக்கு ஆற்றில் தண்ணீர் வந்து வடிந்திருந்தது. மணல் இன்னும் குளிர்ச்சியாக, காலை உள்ளே வாங்கிக்கொண்டது. பனிமூட்டத்தில் அக்கரையும் இக்கரையும் ஒன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு கருவேலங் குச்சியும் தூரத்தில் அம்பாகத் தெரிந்தது.

ஐந்தாம் நாள், கரையோரக் குடிசை ஒன்றுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில் ஒரு அம்மாள் நீண்ட மூங்கிலைத் தூக்கிக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். மூங்கில் நுனியில் கறுப்பாக ஏதோ கட்டியிருந்தது. அதன் நுனி வெயிலில் மின்னியது. காய்க் காம்பில் பட்டவுடன் காய் சத்தமில்லாமல் அறுந்து விழுந்தது.

அமிர்தவள்ளி பக்கத்தில் போய் நின்றாள். "பாயம்மா, இது எங்க கெடச்சுது?"

அந்த அம்மாளின் பெயர் அன்வரி பேகம். ஐம்பது வயது இருக்கும். மூங்கிலை உடம்போடு சேர்த்துக்கொண்டாள். "ஏன், உன்னுதா?"

"எங்க கம்பெனிது. நான் தேடாத எடம் இல்ல."

"இந்த மரத்துலதான் குத்திக்கினு இருந்துச்சு. ஆண்டவன் அனுப்பிச்சான்னு எடுத்துக்கினேன். இன்னா பொருள்மா இது? வெயிட்டே இல்ல. காய அறுக்குது பாரு, சத்தமே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுத்துக்கினு போய்ருவியா?" என்றாள்.

அமிர்தவள்ளி அண்ணாந்து பார்த்தாள். அன்வரி பேகம் அம்பைக் கட்டுக்கம்பியால் மூங்கிலோடு சுற்றியிருந்தாள். மூங்கில் நுனி சாய்வாக வெட்டியிருந்தது. கம்பி தளர்ந்து, காற்றுக்கே முனை தலையாட்டியது. இன்றோ நாளையோ அது நேராகக் கீழே நிற்கிறவர் தலையில்தான் இறங்கும்.

"எறக்குங்க" என்றாள். "எடுத்துக்கினு போக மாட்டேன். இப்படி இருந்தா உங்க மேலயே விழுந்துரும்."

இடுப்பில் செருகியிருந்த திருகுசாவியை எடுத்து முதலில் முனையைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி வைத்தாள். அன்வரி பேகத்திடம் அரிவாளும் ஒரு தட்டைக் கல்லும் கேட்டு வாங்கினாள். மூங்கில் நுனியை வெட்டிக் கல்லில் தேய்த்தாள். அடுப்புக் கரியைத் தடவி மட்டம் பார்த்தாள். தண்டு இறுக்கமாக இறங்குகிற அளவுக்கு உள்துளையில் துணி சுற்றி, திருகித் திருகிச் செருகினாள். மேலே ஈரத் தோல்வாரால் கட்டினால் காய்ந்ததும் இறுகிக்கொள்ளும் என்று சொல்லி, அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வார் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தாள். மறுநாள் வந்து முனையைத் திருகினாள். வேலை இல்லாத நேரத்தில் மாட்டிவைக்க, மெல்லிசான தோலில் ஒரு உறையும் தைத்து வந்திருந்தாள்.

"சின்னப் புள்ளைங்க கைக்குக் குடுக்கக் கூடாது பாயம்மா. உறை போடாம சாத்தி வைக்கக் கூடாது."

"நீ ஒருத்தி. எனக்குத் தெரியாதா?"

கஃபாரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "அமெரிக்கால மானு அடிக்கற அம்பு, பாலாத்துல முருங்கக்கா பறிக்குது" என்றார். அம்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

தூணி ஆர்டர் இரண்டாயிரத்து எட்டில் நின்றுபோனது. அங்கே வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள். மாடி மேஜையைக் கீழே இறக்கினார்கள், வாஹித் பாஷா மறுபடி கைப்பைகளுக்குத் திரும்பினார், அமிர்தவள்ளியை பெல்ட் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். பெல்ட்டில் பெரிய நுணுக்கம் ஏதுமில்லை. துளை போடுவாள், நூல் வெட்டுவாள், நடுநடுவே எங்கேயாவது போய்விட்டு வருவாள். அன்வரி பேகம் அந்த அம்பால் தன் மரத்தோடு பக்கத்து வீட்டு மரங்களிலும் காய் பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் சில நேரம் கம்பெனி வாசலுக்கு வந்து, வாட்ச்மேனிடம் ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்துவிட்டு, "உள்ள அமிர்தான்னு ஒண்ணு இருக்குமே, அதுகிட்ட குடு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.